சின்னத்தம்பியின் அண்ணன்

இது கட்டிச் சொன்னது இல்லை. நடந்தது. ஜப்பான்காரன் காலத்தில், ஜொகூர்ப் பக்கம் லாயாங் லாயாங் ரயிலடியிலிருந்து நாலு கல் உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், பெரட்டுக் களத்தில் நின்ற முப்பத்தெட்டுப் பேர் காதால் கேட்டது. விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் வாசிப்பதைத்தான் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். அந்த முப்பத்தெட்டுப் பேரில் குடிகாரன் உண்டு, வாய்ப் புளுகன் உண்டு. ஆனால் முப்பத்தெட்டுப் பேரும் ஒரே புளுகை, ஒரே தேதியோடு, சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். நம்பப் பிடிக்காதவர்கள் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கட்டும். பேச்சியம்மாளுக்கு அந்த வசதி இல்லை. மண்ணெண்ணெய் கிடைக்காத காலம்.

பேச்சியம்மாளுக்கு அப்போது இருபத்தாறு வயது. பால்மரம் சீவுகிறவள். பெற்ற இரண்டும் ஒரு வயதைத் தாண்டவில்லை. புருஷன் லெட்சுமணனுக்கும் அதே தோட்டத்தில் அதே வேலை. ஒல்லி ஆள். காலையில் கண் விழித்ததும் பாயில் கிடந்தபடியே இருமுவான். முதலில் ஒரு வறட்டு இருமல். பிறகு ஒரு செருமல். கடைசியில் 'ம்' என்று ஒரு சத்தம். அந்த வீட்டுக்கு அதுதான் கடிகாரம்.

இரண்டாவது பிள்ளையைப் புதைத்த மாதம், பால் ஸ்டோருக்குப் பின்னால் கிடந்த உடைந்த வாளிக்குள்ளிருந்து ஒரு பூனைக்குட்டியைச் சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்தான். செம்பட்டை நிறம். வால் நுனி மடங்கியிருக்கும்.

"இந்தா பேச்சி, எனக்குத் தம்பி பொறந்திருக்கான்" என்றான்.

பேர் சின்னத்தம்பி ஆயிற்று. புருஷனுக்குத் தம்பி என்றால் அவளுக்குக் கொழுந்தன். அவளும் விடவில்லை. "எங் கொழுந்தனாருக்கு மீனு இல்லாட்டி சோறு எறங்காது" என்று குழாயடியில் சொல்வாள். வரிசை வீட்டு லயமே சிரிக்கும். அதோடு அவளுக்கு ஒரு தொல்லையும் தீர்ந்தது. கட்டின புருஷன் பேரை அவள் வாயால் சொல்ல மாட்டாள். சொன்னால் அவன் ஆயுசு குறையும். பிள்ளை இருந்தால் பிள்ளை பேரைச் சொல்லி 'இன்னாரோட அப்பா' என்று சமாளிக்கலாம். பிள்ளை இல்லை. அதனால் லெட்சுமணன் 'சின்னத்தம்பியோட அண்ணன்' ஆனான்.

சோற்றுக்கே வழியில்லாத வீட்டில் பூனை எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. எலி பிடிக்கிறதே என்பாள். அது பாதிதான் உண்மை. மீதி உண்மை அவள் காலடியில் இருந்தது. ராத்திரி ஆனால் அது வந்து அவள் பாதத்தின் மேல் சுருண்டு படுக்கும். ஒரு கைக்குழந்தை கனம். அந்தச் சூடு. அந்தக் கிர்கிர் சத்தம். பிள்ளை படுத்த இடத்தில் ஏதோ ஓர் உயிர் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கும். மத்தியானம் அவள் வேலை முடிந்து வந்தால் வாசல்படியில் உட்கார்ந்து வழியையே பார்த்துக்கொண்டிருக்கும். முந்நூறு மரத்துக்கு முன்னால் குனிந்து நிமிர்ந்து, வேலையை மேற்பார்க்கிற மண்டோரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வருகிறவளுக்கு, தன்னை எதிர்பார்த்து ஒன்று உட்கார்ந்திருப்பது சின்ன விஷயம் இல்லை. என்ன சொன்னாலும் கேட்கும். பதில் பேசாது.

அப்போதெல்லாம் பேசாது.

வெள்ளைக்கார துரை சிங்கப்பூருக்கு ஓடினபோது ஆபீஸில் கணக்கெழுதுகிற பழைய கிராணியும் கூடவே ஓடிவிட்டார். ஜப்பான்காரன் ஜொகூர் பாருவிலிருந்து ராஜசேகரன் என்ற புதுக் கிராணியைக் கொண்டுவந்து வைத்தான். 1943 மார்ச் மாதம் அவர் அரிசிப் பங்குக்காக வீடு வீடாகப் பேர் எழுத வந்தார். வாசலில் முக்காலி போட்டு, மடியில் புத்தகத்தை விரித்துக்கொண்டார். தலை நிமிரவில்லை.

"வீட்டுல யார் யாரு?"

"நானு. அப்புறம் சின்னத்தம்பியோட அண்ணன்."

"புருசன் பேரு என்னா?"

பேச்சியம்மாள் முந்தானையைக் கடித்தாள். "பெரட்டுப் புத்தகத்துல இருக்குங்கய்யா."

கிராணி புரட்டிப் பார்த்தார். "லெட்சுமணன். சரி. சின்னத்தம்பி யாரு?"

"எங் கொழுந்தனாரு."

"இங்கதான் இருக்கானா?"

"இங்கதாங்கய்யா. அடுப்புக்கிட்ட படுத்திருக்காரு."

"வேலைக்கு வர்றானா?"

"அவரா? நாள் பூரா தூக்கந்தான்."

பக்கத்து வீட்டுச் சூசையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிராணி தெரிந்துதான் வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று பேச்சியம்மாள் நினைத்தாள். ஊரே அறிந்த வேடிக்கை. ஆனால் அவர் ஊருக்குப் புதுசு. எழுதிக்கொண்டு போய்விட்டார். சின்னத்தம்பி, ஆண், வயது இருபது, வேலை இல்லை.

அடுத்த பங்கில் இரண்டு பேருக்கான அரிசியோடு அரைப்பங்கு கூடுதலாக வந்தது. லெட்சுமணன் படியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான்.

"சொல்லிப்புடலாமா, பேச்சி?"

"நாளைக்குச் சொல்லிக்கலாம்."

அந்த நாளை பத்து வாரம் வரவில்லை. மரவள்ளிக்கிழங்கே தின்று வீங்கியிருந்த வயிற்றுக்கு அந்த அரைப்பங்கு சோறு ருசியாக இருந்தது. குற்றம் அதுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஜூன் முதல் தேதி. செவ்வாய்க்கிழமை. பொழுது சாய்கிற நேரம். கிராணி மறுபடியும் வந்தார். கையில் ஒரு தாள்.

"சயாம் ரயில் ரோட்டுக்கு ஆள் கேக்குறான். இந்தத் தோட்டத்துல எட்டுப் பேரு. வேலை செய்யாத ஆம்பளைங்க முதல்ல. உன் கொழுந்தன் பேரு மேலயே இருக்கு. விடியக்காலம் லாரி வரும். தயார் பண்ணி வை."

பேச்சியம்மாள் அடுப்படியைப் பார்த்தாள். கிராணியும் பார்த்தார். சின்னத்தம்பி காலை நீட்டிச் சோம்பல் முறித்தான்.

"பூனையா?" என்றார் கிராணி.

"நீங்க கேட்டீங்க... நான் சொன்னேன்..."

"பத்து வாரம் அரிசி வாங்கித் தின்னியே, அப்போ வாய் எங்க போச்சு?" கிராணிக்கு நெற்றியெல்லாம் வியர்வை. "பூனைக்கு அரிசி எழுதுனேன்னு நான் போய்ச் சொல்லவா? முதல்ல என் தலைய எடுப்பான். அப்புறம் உங்க ரெண்டு பேரு தலை."

"பேர அடிச்சிட முடியாதுங்களா?"

"ஜப்பான்காரன் கையெழுத்துப் போட்ட தாளும்மா இது. எட்டுத் தலை ஏறினாத்தான் லாரி நகரும்."

லெட்சுமணன் அதுவரை சுவரோரம் குந்தியிருந்தான். பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டான். "பேருதானே. நான் ஏறிக்கிறேன்."

"நீ போனா உன் பேருக்குப் பெரட்டுல யாரு? ஆளைக் காணோம்னா காட்டுக்கு ஓடிட்டான்னு உன் பொண்டாட்டியத் தூக்கிட்டுப் போவான்."

"வாசிக்கிறது நீங்க. கோடு போடுறது நீங்க."

கிராணி தாளை மடித்தார். "பேர வாசிப்பேன். உடனே அடுத்த பேருக்குப் போயிடுவேன். இருட்டுல யாரு பாக்கப்போறா. நீ வாயத் தொறந்துடாத" என்று பேச்சியம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஜப்பான்காரன் வந்ததும் கடிகாரத்தையும் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டான். தோக்கியோ நேரம். ஏழு மணிப் பெரட்டு என்றால் பழைய கணக்குக்கு ஐந்தரை. கும்மிருட்டு. மறுநாள் ஆறரைக்கே லாரி வந்து நின்றது. வாசலில் லெட்சுமணன் குனிந்து பூனையின் தலையைத் தடவினான்.

"டேய், உம் பேர்ல நான் போறேன். எம் பேர்ல நீ இரு. வீட்டப் பாத்துக்க."

வேடிக்கையாகத்தான் சொன்னான்.

"சின்னத்தம்பி" என்று வாசித்தார்கள். "இருக்கேன்" என்று சொல்லி ஏறினான். அவனுக்குப் பின்னால் சூசையம்மாளின் புருஷன் அமலதாஸ். காய்ச்சலில் ஒரு மாதம் வேலைக்குப் போகாத குற்றத்துக்கு அவன் பேரும் தாளில் இருந்தது. லாரி போனது. பேச்சியம்மாள் அழவில்லை. ஏழு மணிக்குப் பெரட்டு. தன் மர நிரையையும் சீவி, அவன் நிரையையும் சீவ வேண்டும். நேரமில்லை.

அன்றிலிருந்து தினமும் கிராணி "லெட்சுமணன்" என்பார். ஒரு மூச்சு விடுகிற இடைவெளி. உடனே அடுத்த பேர். வரிசையில் எல்லோரும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். லயத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை.

இருபத்தாறு நாள் அப்படிப் போனது.

ஜூன் இருபத்தெட்டு. திங்கட்கிழமை. ஏழு மணி. "நாளைக்கு இராயப்பர் சின்னப்பர் திருநாளு. ஏத்த ஒரு மெழுகுவத்தி கெடையாது" என்று சூசையம்மாள் பக்கத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பேச்சியம்மாள் கவனித்தாள். கிராணிக்குப் பக்கத்தில் ஒரு ஜப்பான் சிப்பாய். கையில் டார்ச் லைட். ஒவ்வொரு பேருக்கும் தலையைச் சாய்த்துக் கேட்கிறான்.

"பேச்சியம்மாள்."

"இருக்கேங்கய்யா."

"லெட்சுமணன்."

கிராணியால் அடுத்த பேருக்குத் தாவ முடியவில்லை. சிப்பாய் கையைக் காட்டி நிறுத்திவிட்டான். டார்ச் வெளிச்சம் வரிசையில் ஒவ்வொரு முகமாக நகர்ந்தது. மூன்று முகம்... இரண்டு முகம்...

"இருக்கேன்."

பின்னாலிருந்து. கட்டையான குரல்.

சிப்பாய் தலையாட்டினான். கிராணி கோடு போட்டார். கோடு கோணிப் போனது.

பேச்சியம்மாள் திரும்பினாள். அவள்தான் கடைசி வரிசை. பின்னால் ஆள் இல்லை. கால்வாய் ஓரம் மட்டும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், டார்ச் வெளிச்சம் பட்டு இரண்டு கண்கள் பச்சையாக எரிந்து அணைந்தன.

பெரட்டு கலைந்ததும் கிராணி பக்கத்தில் வந்தார். "யார வெச்சுச் சொன்னே? நல்ல வேலை பண்ணுனே."

"நான் யாரையும் வெக்கலைங்கய்யா."

கிராணி புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். இந்தக் காலத்தில் கேட்காமல் இருப்பதுதான் நல்லது என்று அவருக்குத் தெரியும்.

அன்றைக்கு அவள் முதலில் லெட்சுமணனின் நிரைக்குப் போனாள். நடந்தவள் நின்றுவிட்டாள். மரங்களில் பால் ஏற்கெனவே வடிந்துகொண்டிருந்தது. யாரோ சீவியிருக்கிறார்கள். விரலால் தடவிப் பார்த்தாள். உளிக்கத்தி போட்டால் பட்டையில் ஒரே கோடு விழும். இங்கே நாலு கோடு. மெல்லிசாக, பக்கம் பக்கமாக, சாய்வாக. நாலிலும் பால் கசிந்தது.

அடுத்த மரமும் அப்படி. அதற்கடுத்ததும்.

எல்லாம் அவள் முழங்கால் உயரத்தில்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். வாசல்படியில் பூனை இல்லை. உள்ளே இருந்தது. இத்தனை வருஷம் அவள் காலடியில் படுத்த பூனை, இப்போது பாயின் இடது பக்கம் நீட்டிப் படுத்திருந்தது. லெட்சுமணனின் பக்கம். தலை, அவன் தலைக்கு வைத்துக்கொள்ளும் மணைக்கட்டை மேல். முன்னங்கால் இரண்டிலும் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது.

"சின்னத்தம்பி" என்றாள்.

காது கூட அசையவில்லை.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் சின்னச் சின்னது. மீன் தலையைப் போட்டால் முகர்ந்துவிட்டு ஒதுக்கியது. சோற்றை மட்டும் தின்றது. எலி அதன் முன்னாலேயே குறுக்கே ஓடியது. பார்த்துக்கொண்டிருந்தது. கிர்கிர் சத்தம் நின்றுபோனது. வேலியோரம் மற்றப் பூனைகள் வருவதில்லை.

ஒரு நாள் காலை, குழாயடியில் சூசையம்மாள் வாளியை வைத்த வேகத்தில் தண்ணீர் தெறித்தது.

"ராத்திரி உன் வீட்டுல இருமுறது யாருடி?"

லயத்துச் சுவர் வெறும் பலகை. மேலே ஒரு முழம் திறந்தே இருக்கும். இந்த வீட்டில் மூச்சு விட்டால் அந்த வீட்டில் கேட்கும்.

"பூனை" என்றாள் பேச்சியம்மாள்.

"ஓ. செருமிட்டு 'ம்'ங்குது. பீடி குடிக்கிற பூனையாக்கும்."

"சத்தியமா பூனைதான், சூசை."

"ரயில்லேருந்து குதிச்சு வந்துட்டாரு உம்புருசன். அதான் விசயம். பெரட்டுல கொரல் எனக்குத் தெரியாதா?" சூசையம்மாளின் உதடு கோணியது. "வந்தது வந்தாரு, எம்புருசனையும் இழுத்துக்கிட்டு வந்திருக்கலாம்ல. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் லா. அவரு எங்க, உசுரோட இருக்காரான்னு மட்டும் கேட்டுச் சொல்லு. அது போதும்."

"அங்க யாரும் இல்லடி."

"அப்போ நானே வந்து பாக்குறேன்."

அன்று சாயங்காலம் வந்தாள். பரண் மேல் பார்த்தாள். அடுப்படிச் சாக்கை இழுத்துப் பார்த்தாள். கடைசியில் பாயைப் பார்த்தாள். பூனை மல்லாந்து கிடந்தது. வயிறு மேலே. ஒரு முன்னங்கால் நெற்றிமேல், கண்ணை மறைத்தபடி. வெயிலில் வேலை செய்துவிட்டு வந்த ஆண் எப்படிப் படுப்பானோ, அப்படி.

சூசையம்மாள் வெகுநேரம் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். பின்னோக்கி நடந்தே வெளியே போனாள். அதற்குப் பிறகு இருமலைப் பற்றி அவள் பேசவே இல்லை. அன்று ராத்திரி நடுச்சுவரின் அந்தப் பக்கம் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. செபமாலை மாட்டினாள்.

ஜூலை பதினாறு. மழை. பேச்சியம்மாள் விழித்துக்கொண்டாள். நேரத்தோடு எழ வேண்டும் என்று கிராணி வீட்டுக் கடிகாரம் அடிப்பதை எண்ணுவது அவளுக்குப் பழக்கம். ஆறு அடித்தது. பழைய கணக்குக்கு நாலரை.

பக்கத்தில் மூச்சுச் சத்தம்.

பூனையின் மூச்சு சின்னது. அது அவளுக்குத் தெரியும். இது நீளமாக வந்தது. இழுத்து... விட்டு... இழுத்து...

பாய் அந்தப் பக்கம் தாழ்ந்திருந்தது. பலகை முனகியது. ஒரு கைக்குழந்தை கனம் இல்லை அது.

அவள் அசையவில்லை. அசைய முடியவில்லை. தீப்பெட்டி இல்லை. கதவு அதற்கு அந்தப் பக்கம்.

வறட்டு இருமல் ஒன்று.

செருமல்.

"ம்."

மெதுவாக, "சின்னத்தம்பி" என்றாள்.

பதில் இல்லை. மழை மட்டும்.

"சின்னத்தம்பி..."

இல்லை.

இன்னொரு பேர் இருந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் வாயில் ஒரு தடவைகூட வராத பேர். சொல்லக் கூடாத பேர். சொன்னால் அவன் ஆயுசு... சொல்லாவிட்டால் பக்கத்தில் கிடப்பது என்ன என்று தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

சொன்னாள்.

"லெட்சுமணா..."

மூச்சு நின்றது.

"இருக்கேன்."

காதோரத்தில்.

அதற்குப் பிறகு, அவள் பாதத்தின் மேல் ஏதோ வந்து அமர்ந்தது. சூடாக. எவ்வளவு நீளம், எவ்வளவு கனம் என்று அவள் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. விடிகிற வரைக்கும் காலை இழுத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

விடிந்ததும் பார்த்தாள். பூனை. மடங்கின வால். வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கொண்டுபோய் எங்காவது விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. விட்டால் பெரட்டில் பதில் சொல்ல யார்? சிப்பாய் இப்போது வாரத்துக்கு இரண்டு தரம் வருகிறான். பதில் வராத அன்று அவள் தலையும் கிராணி தலையும் உருளும். வைத்துக்கொள்ளவும் பயம். விடவும் பயம். வேறு வழி இருந்திருந்தால் செய்திருப்பாள். லெட்சுமணனின் தட்டைக் கழுவி, அதில் சோறு போட்டு வைத்தாள். அது வந்து தின்றது.

மனுஷ மனசு வெட்கம் கெட்டது. நாலு மாதம் போனபோது, வேலை விட்டு வரும் வழியில் அவள் நடை வேகமாகிவிடும். வீட்டில் ஒன்று காத்திருக்கிறது. அது எதுவாக இருந்தால் என்ன? தோட்டத்தில் பாதி வீடு வெறும் வீடாகக் கிடந்தது. அவள் வீட்டில் மூச்சுச் சத்தம் இருந்தது. குளிர்கிற ராத்திரியில் பாதத்தில் சூடு இருந்தது. அந்தப் பேரை மட்டும் அவள் மறுபடி சொல்லவில்லை.

இரண்டு வருஷம் தினமும் கிராணி பேர் வாசித்தார். தினமும் பின்னாலிருந்து பதில் வந்தது. வரிசையில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பக் கூடாது என்று ஒருவரும் சொல்லவும் இல்லை.

ஜப்பான்காரன் தோற்றுப் போனான். எட்டுப் பேரில் ஒருவன் திரும்பி வந்தான். அமலதாஸ். 1945 டிசம்பர், லாயாங் லாயாங்கில் இறங்கி, நாலு கல்லை ஒரு பகல் முழுக்க நடந்தான். முட்டிதான் காலில் பெரிசாக இருந்தது. சூசையம்மாள் அவனைக் கட்டிக்கொண்டு போட்ட ஓலத்தில் லயமே கூடிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் அவன் பேச்சியம்மாள் வீட்டுக்கு வந்தான். வாசலில் உட்கார்ந்தான். அவள் கோப்பி கொடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே போயிட்டாருக்கா."

"தெரியும்" என்றாள்.

"வாந்திபேதி. போய்ச் சேந்த கொஞ்ச நாள்லயே. கடைசி வரைக்கும் காலு குளுருது காலு குளுருதுன்னாரு. ராத்திரி தூக்கத்துல பாதத்தால எதையோ தேடுவாரு."

"என்னைக்கு?"

"மறக்குமா? இராயப்பர் சின்னப்பர் திருநாளுக்கு மொத நாளு. விடியுமுன்ன. அங்கயும் தோக்கியோ நேரந்தான். ஏழு மணிக்குப் பெரட்டு."

பேச்சியம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"சாக்குல சுத்தி ஓரமா வெச்சிருந்தோம். செத்த சேதிய நாங்க இன்னும் சொல்லல. ஜப்பான்காரன் பேர் வாசிச்சான். 'சின்னத்தம்பி'ன்னான்." அமலதாஸ் கோப்பியைக் கீழே வைத்தான். "சாக்குக்குள்ளேருந்து ஒரு பூனை கத்துச்சுக்கா."

அவள் திரும்பி வீட்டுக்குள்ளே பார்த்தாள்.

"ஒரே தடவ. அவன் காதுக்கு எப்படி விழுந்துச்சோ, கோடு போட்டுட்டு அடுத்த பேருக்குப் போயிட்டான். அந்தக் காட்டுல பூனை ஏது? இருந்ததையெல்லாம் எங்களுக்கு முன்னாடி வந்தவங்க எப்பவோ தின்னுட்டாங்க."

"அப்புறம்?"

"பொதைக்க ரெண்டு பேரு போனோம். ரெண்டு பேரு தேவப்படல." வலது கையைத் தூக்கிக் காட்டினான். எலும்பும் தோலுமான கை. "காய்ச்சக்காரன் நான். இந்த ஒரு கையால தூக்கிட்டேன். அவ்வளவுதான் இருந்துச்சு கனம்."

"அவுத்துப் பாத்தியா?"

"இல்லக்கா. மனசு வரல. அப்படியே பொதைச்சிட்டேன்."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கிராணி வீட்டுக் கடிகாரத்தில் இப்போது பழைய நேரம். ஆறே முக்கால். பால்மரங்களுக்குப் பின்னால் வெளிச்சம் போய்விட்டது.

வீட்டுக்குள்ளே, ஒரு வறட்டு இருமல்.

செருமல்.

"ம்."

அமலதாஸின் கை அப்படியே நின்றது. சயாமில் கடைசி ராத்திரி வரைக்கும் பக்கத்தில் படுத்துக் கேட்ட இருமல் அது.

"உள்ள யாருக்கா?"

பேச்சியம்மாள் எழுந்தாள். கோப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டாள்.

"பூனை. மத்தியானத்துலேருந்து சாப்புடல. பசிக்கும்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.